10 சென்ட் கொல்லை, களிமண், ஐப்பசியில் தண்ணீர் நிற்கிறது: என்னென்ன பழமரம் வைக்கலாம்?

மன்னார்குடி_கொல்லை:

எல்லோருக்கும் வணக்கம். மன்னார்குடிக்குத் தெற்கே கிராமம். வீடு போகக் கொல்லை மட்டும் 40 அடி அகலம், 110 அடி நீளம், சுமார் 10 சென்ட். வீட்டை ஒட்டி 30 அடி வரை மேடு. நடுப்பகுதியில் அடைமழைக்கு நாலு விரல் தண்ணீர் நிற்கும், மறுநாள் வடிந்துவிடும். கடைசி 35 அடி நல்ல பள்ளம். ஐப்பசி, கார்த்திகையில் முழங்காலுக்குச் சற்றுக் கீழே வரை நிற்கும், வடிய மூன்று நாள் ஆகும். கறுப்புக் களி. கோடையில் விரல் நுழையும் அளவுக்கு வெடிக்கும்.

இப்போது இருப்பவை: நடுவில் இரண்டு தென்னை, வேலியோரம் காய்க்கிற கிளிமூக்கு மா ஒன்று, கிணற்றடியில் ஒரு எலுமிச்சை (நாலு வருஷம், இன்னும் பூவே இல்லை). பப்பாளியும் மாதுளையும் வைத்து, பப்பாளி மழையில் போய்விட்டது. மாதுளை நிற்கிறது, ஆனால் காய் எல்லாம் வெடிக்கிறது.

விற்கும் எண்ணம் இல்லை. வருஷம் முழுக்க வீட்டில் ஏதாவது ஒரு பழம் இருக்க வேண்டும், ஊறுகாய்க்கும் சமையலுக்கும் காய் வேண்டும். எதை எங்கே வைப்பது? பலா ஒன்று வைக்க ஆசை. நர்சரியில் எல்லாமே "நம்ம மண்ணுக்கு வரும்" என்கிறார்கள்.

---

வெண்ணாற்றங்கரை:

எந்த மரம் என்பதை அப்புறம் பார்க்கலாம் சார். முதலில் தண்ணீர் எங்கே எத்தனை நாள் நிற்கிறது என்பதுதான் கணக்கு. அதை நீங்களே சரியாகச் சொல்லிவிட்டீர்கள். டெல்டாக் கொல்லையில் கன்று சாவது பெரும்பாலும் வெயிலில் இல்லை, வேருக்குக் காற்று இல்லாமல்தான்.

தண்ணீர் தாங்கும் திறனை வைத்துப் பிரித்தால், பப்பாளிதான் ரொம்ப மோசம். தேங்கிய தண்ணீரில் இரண்டு நாள் நின்றால் இலை மஞ்சளாகித் தொங்கிவிடும், பிறகு பிழைக்காது. அடுத்தது பலா, எலுமிச்சை, சீத்தா. மாவும் சப்போட்டாவும் வளர்ந்த மரமாக இருந்தால் சில நாள் சமாளிக்கும், இளங்கன்று சமாளிக்காது. கொய்யா நன்றாகவே தாங்கும். எல்லாவற்றிலும் கெட்டி நாவல். நீர்த்தலமான திருவானைக்காவில் தலமரம் நாவலாக இருப்பது பொருத்தம்தான்.

இதை உங்கள் கொல்லையில் பொருத்திப் பாருங்கள்.

கடைசி 35 அடியில் ஒரு ஒட்டு நாவல் மட்டும். வேலியிலிருந்து 12 அடி உள்ளே தள்ளி. விட்டால் 40 அடி போகும் மரம் அது. மூன்றாவது வருஷத்திலிருந்து உச்சியை வெட்டி 15 அடிக்குள் வைத்திருங்கள். அதே பகுதியில் ஒன்றரை அடி உயரத்துக்கு ஒரு நீள வரப்பு போட்டு இரண்டு கொய்யா வைக்கலாம், இடைவெளி 12 அடி. வரப்புக்கு மண் வெளியிலிருந்து வேண்டாம். பள்ளத்தின் ஓரமாக ஒரு அடி அகலம், ஒன்றரை அடி ஆழத்தில் வடிகால் வெட்டுங்கள், அந்த மண்ணே வரப்புக்கு ஆகும். ஆனால் வெட்டுவதற்கு முன், வடிகால் போய்ச் சேரும் வாய்க்காலின் மழைக்கால நீர்மட்டத்தைப் பாருங்கள். அது உங்கள் கொல்லைத் தரையைவிட உயரமாக இருந்தால் வடிகால் வழியாக வாய்க்கால் தண்ணீர் உள்ளே வரும். அப்படியானால் வடிகால் வாயில் ஒரு பலகை அடைப்பு வேண்டும்.

நடுப்பகுதியில் ஒரு சப்போட்டா, ஒரு சீத்தா, ஒரு நார்த்தை, தென்னையைச் சுற்றி வாழை. சப்போட்டா, சீத்தா, நார்த்தை மூன்றையும் மேடு கட்டி வையுங்கள்.

குழி வெட்டி வைக்காதீர்கள். எல்லாப் புத்தகத்திலும் மூன்றடிக்கு மூன்றடி குழி, மணல், எரு என்று இருக்கும். அது செம்மண்ணுக்குச் சரி. களியில் அப்படிக் குழி வெட்டி மணலும் எருவும் நிரப்பினால், சுற்றியுள்ள களி தண்ணீரை விடாது. மழைத்தண்ணீர் எல்லாம் இளகிய மண்ணுக்குள் இறங்கி, கன்று கிணற்றுக்குள் உட்கார்ந்த மாதிரி ஆகிவிடும். மேலே தரை காய்ந்து தெரியும், கீழே வேர் அழுகிக்கொண்டிருக்கும். செடி வாடுகிறதே என்று நாம் இன்னும் தண்ணீர் ஊற்றுவோம்.

மேடு கட்டும் முறை: தரையை மண்வெட்டியால் அரை அடி கொத்திவிடுங்கள். அடியில் 6 அடி, உச்சியில் மூன்றரை அடி அகலம், உயரம் 2 அடி. இரண்டு பங்கு வண்டல் அல்லது மேட்டு மண், ஒரு பங்கு மட்கிய எரு, அரைப் பங்கு ஆற்று மணல். ஒரு மேட்டுக்கு ஏறக்குறைய 35 கன அடி. ஒரு யூனிட் (100 கன அடி) மண் வாங்கினால் மூன்று மேட்டுக்குத் தாராளமாகப் போதும். முதல் மழையில் கால்வாசி அமுங்கும், அதனால் சித்திரை வைகாசியிலேயே கட்டிவிட்டு ஆடியில் கன்று வையுங்கள். சரிவில் வெட்டிவேர் அல்லது அருகம்புல் இருந்தால் மண் கரையாது.

பப்பாளியும் எலுமிச்சையும் வீட்டை ஒட்டிய மேட்டில்தான். மாதுளைக்கு நம் ஈரக்காற்று ஒத்துவராது. காய்ந்து கிடந்த மண்ணில் திடீரென்று மழை பெய்தால் தோல் வெடிக்கும். மூடாக்குப் போட்டு (தழையால் மண்ணை மூடி) ஈரத்தைச் சீராக வைத்தால் குறையும், நிற்காது. நான் என்றால் எடுத்துவிட்டு அந்த இடத்தில் வேறு வைப்பேன்.

---

ஒட்டுக்கன்று:

வெண்ணாற்றங்கரை சொன்னதில் ஒன்று சேர்க்கிறேன். கிணற்றடி எலுமிச்சைக்கு நாலு வருஷத்தில் பூ இல்லை என்பது, அது விதைக்கன்று என்றால் தாமதமே இல்லை. விதைக்கன்று காய்க்க நாலைந்து வருஷம் எடுக்கும். ஒட்டு என்றால்தான் யோசிக்க வேண்டும். தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்குள் தண்டில் தழும்பு இருக்கிறதா பாருங்கள். தழும்புக்குக் கீழேயிருந்து ஒரு கிளை முரட்டு முள்ளோடு, பெரிய இலையோடு மேலே போயிருந்தால் அது அடிக்கன்றின் கிளை. மேலே ஒட்டியது அநேகமாகச் செத்திருக்கும்.

பூக்காமல் இருக்க இன்னும் இரண்டு காரணம்: நிழல், ஓயாத ஈரம். கிணற்றடியில் இரண்டும் உண்டு. எலுமிச்சைக்கு ஒரு நாளில் ஆறு மணி நேர வெயிலாவது வேண்டும். குளிக்கிற தண்ணீரை அதிலிருந்து திருப்பி வாழைக்கு விடுங்கள். மார்கழி மழை ஓய்ந்ததும் மூன்று வாரம் தண்ணீர் கட்டாமல் காயவிட்டு, இலை லேசாகத் துவளும்போது அடியைக் கொத்தி, 20 கிலோ எருவும் 2 கிலோ வேப்பம் புண்ணாக்கும் போட்டுத் தண்ணீர் கொடுத்தால் மாசியில் பூக்கும்.

மழைக்காலத்தில் இலையிலும் காயிலும் சொறி வரும். பழுப்புப் புள்ளி, சுற்றி மஞ்சள் வளையம். தாக்கிய நுனிகளை வெட்டி எரித்துவிட்டு ஒரு சத போர்டோ கலவை தெளியுங்கள். 100 கிராம் மயில்துத்தத்தை (காப்பர் சல்பேட்) 5 லிட்டர் தண்ணீரில் ஒரு பிளாஸ்டிக் வாளியில், 100 கிராம் சுட்ட சுண்ணாம்பை 5 லிட்டரில் இன்னொரு வாளியில் கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக் கரைசலில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கலக்க வேண்டும். மாற்றி ஊற்றக்கூடாது. இரும்பு வாளி கூடாது. பளபளப்பான கத்தியை ஒரு நிமிஷம் கலவையில் நனைத்துப் பாருங்கள். செம்பு நிறம் படிந்தால் இலை கருகும், இன்னும் சுண்ணாம்பு சேர்க்கணும். அன்றைக்கே தெளித்து முடித்துவிட வேண்டும், மிச்சத்தை மறுநாளைக்கு வைக்காதீர்கள்.

சப்போட்டா வாங்கும்போது ஒட்டுக்குக் கீழே தளிர் விட்டிருக்கிறதா பார்த்து வாங்குங்கள். பாலை மரக் கன்றில்தான் ஒட்டுகிறார்கள். பாலை அடித்தளிர் விட்டால் சப்போட்டா படுத்துவிடும், அதனால் மாதம் ஒருமுறை கிள்ளணும். ஒட்டு வாய் மண்ணுக்கு மேல் அரை அடி நிற்க வேண்டும். முதல் இரண்டு வருஷம் வரும் பூவை உதிர்த்துவிடுங்கள், ஆசைப்பட்டுக் காய்க்கவிட்டால் மரம் குட்டையாகவே நின்றுவிடும். ரகம் பெரியகுளம் 1 போதும்.

---

கடைமடைக்காரன்:

மேடு கட்டுவது சரி அண்ணே, ஆனா காத்தை யாரும் பேசலையே. 2018 நவம்பர் 16 கஜா புயல்ல வேதாரண்யத்திலேர்ந்து பட்டுக்கோட்டை வரை மா, பலா, தென்னை எல்லாம் எப்படிப் படுத்துச்சுன்னு பாத்தோம். மேட்டுல வச்ச கன்னுக்கு வேர் மேலாப்பல ஓடும். அதனால மூணு வருஷம் வரைக்கும் சவுக்குக் கழி ரெண்டு நட்டு, தளர்வா சணல் கயித்தால எட்டு மாதிரி கட்டுங்க. வளந்த மரத்துக்குப் புரட்டாசிக்குள்ள உள்கிளையைக் கழிச்சுக் காத்து புகுந்து போக வழி பண்ணணும். உச்சி 15 அடிக்கு மேல போக விடாதீங்க.

மரம் சாஞ்சு, பாதி வேர் மண்ணுல இருந்துச்சுன்னா ரெண்டு மூணு நாளுக்குள்ள கிளையைப் பாதி கழிச்சுட்டு நிமித்தி முட்டுக் கொடுத்தா பொழைக்கும். கிளையைக் கழிக்காம நிமித்தினா இலை குடிக்கிற தண்ணிக்கு அறுந்த வேர் ஈடு கொடுக்காது, காஞ்சிடும்.

பலா பத்தி: மன்னார்குடி களியில வேணாம். பேராவூரணி, புதுக்கோட்டை ஆலங்குடிப் பக்கம் செம்மண்ணுல வர்ற பலாவைப் பாத்து ஆசைப்படக் கூடாது.

எங்க பக்கம் மாதிரி மணலும் உப்புத் தண்ணியுமா இருக்கறவங்க இந்தத் திரியைப் படிச்சா, உங்களுக்குக் கணக்கு வேற. சப்போட்டா, முந்திரி, நாவல், கொடுக்காப்புளி, பனை. எலுமிச்சை பக்கமே போகாதீங்க, உப்புத் தண்ணிக்கு முதல்ல இலை நுனி கருகறது அதுதான்.

---

வெண்ணாற்றங்கரை:

பலாவை அப்படி ஒரேயடியாகத் தள்ள வேண்டாம். வீட்டை ஒட்டிய 30 அடியில் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். ஒன்றரை அடி ஆழம், ஒரு அடி அகலத்தில் குழி தோண்டித் தண்ணீர் நிரப்புங்கள். முழுக்க வடிந்ததும் மறுபடி நிரப்பி, ஒரு குச்சியில் மட்டத்தைக் குறித்து ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள். ஒரு அங்குலத்துக்கு மேல் இறங்கினால் பாலூர் 1 ரகப் பலா ஒன்று வைக்கலாம், சுவரிலிருந்து 15 அடி தள்ளி. அதற்குக் குறைவென்றால் கடைமடைக்காரன் சொல்வதுதான் சரி.

---

மன்னார்குடி_கொல்லை:

குழி தோண்டிப் பார்த்தேன். இரண்டாவது முறை ஒரு மணி நேரத்தில் அரை அங்குலம்கூட இறங்கவில்லை. பலாவை விட்டுவிடுகிறேன். எலுமிச்சையில் தழும்பு இல்லை, விதைக்கன்றுதான். வெயில் காலை மட்டும் மூன்று மணி நேரம்.

வாழை விஷயம் சொல்லுங்கள். தென்னைக்குப் பக்கத்தில் வாழை வைத்தால் தென்னை காய்ப்புக் குறையும் என்று இங்கே சொல்கிறார்கள். எந்த வாழை? ரஸ்தாளி பிடிக்கும்.

---

பூவன்தார்:

தென்னைக்கு நல்லதுதான். தஞ்சாவூர் வாடல் என்று பேரே வாங்கிய அடித்தண்டழுகல் நோய் 1952 புயலுக்குப் பிறகு, தமிழ்நாட்டில் இந்தப் பகுதியில்தான் முதலில் கண்டறியப்பட்டது. மரத்தின் அடியில் செம்பழுப்புச் சாறு வடியும், கீழ் மட்டைகள் தொங்கும். அதற்குச் சொல்லும் தடுப்பு முறைகளில் ஒன்று, தண்ணீர் வசதி உள்ள இடத்தில் வாழையை ஊடுபயிராக வைப்பது. கூடவே மரத்துக்கு வருஷம் 5 கிலோ வேப்பம் புண்ணாக்கு. வாழையைத் தென்னந்தண்டிலிருந்து 6 அடி தள்ளி வையுங்கள். தண்ணீரும் எருவும் இரண்டுக்கும் சேர்த்துப் போடணும், தென்னைக்குப் போடுவதை வாழை தின்றால்தான் காய்ப்புக் குறையும்.

ரகம். தினசரிப் பழத்துக்கும் இலைக்கும் பூவன், 12, 13 மாதத்தில் தார். காய்க்கு மொந்தன். கற்பூரவல்லி இனிப்பு அதிகம், கரடுமுரடான மண்ணைத் தாங்கும், ஆனால் 15, 16 மாதம் நிற்கும், தார் கனம். ரஸ்தாளி பிடிக்கும் என்கிறீர்கள், ஒரு கன்று வையுங்கள், அதற்கு மேல் வேண்டாம். வாழை வாடல் நோய் ரஸ்தாளியைத்தான் தேடி வரும். கீழ் இலை விளிம்பிலிருந்து மஞ்சளாகி, காம்பு முறிந்து தண்டைச் சுற்றித் தொங்கும். தண்டைக் குறுக்கே வெட்டினால் உள்ளே செம்பழுப்பு வளையம். வந்த இடத்தில் கிழங்கோடு தோண்டி எரித்துவிட்டு, அங்கே திரும்ப ரஸ்தாளி வைக்கவே கூடாது. பூசணம் மண்ணில் பல வருஷம் கிடக்கும்.

கன்று ஈட்டி மாதிரி மெல்லிய இலையோடு, அடி பருத்து இருக்க வேண்டும். சின்ன வயதிலேயே அகல இலை விட்டது நீர்க்கன்று, அதில் தார் சிறுக்கும். எடை ஒன்றரை, இரண்டு கிலோ. பழைய வேரைச் சீவி, அழுகலும் துளையும் இருக்கிறதா பார்த்து நடுங்கள். துளை இருந்தால் கூன்வண்டு.

ஒரு குத்தில் தாய் ஒன்று, அரை வயதுக் கன்று ஒன்று, சிறு கன்று ஒன்று. அதற்கு மேல் வருவதை மாதம் ஒருமுறை அறுத்தெடுங்கள். எல்லாக் குத்தையும் ஒரே நாளில் நட்டால் எல்லாத் தாரும் ஒரே மாதத்தில் வந்து தெருவுக்கே கொடுக்க வேண்டியிருக்கும். ஆறு குத்து என்றால் இரண்டு மாதத்துக்கு ஒன்றாக நடுங்கள். கடைசிச் சீப்பு விரிந்ததும் பூவை ஒடித்துவிட்டால் காய் திரளும், பூ சமையலுக்கு ஆகும். ஐப்பசியில் தார் நிற்கும் மரத்துக்குக் கவைக்கழி முட்டு. புயல் எச்சரிக்கை வந்தால் கீழ் இலைகளைக் கழித்துவிடுங்கள்.

குளித்த தண்ணீர் வாழைக்கு விடலாம். சோப்புத்தூள் போட்டுத் துவைத்த தண்ணீரைத் தினமும் விடாதீர்கள், அதிலுள்ள சோடா களிமண்ணை இன்னும் இறுக்கிவிடும்.

---

நார்த்தையிலை:

எல்லோரும் மரத்தைப் பேசுகிறீர்கள், சமையலறையையும் கொஞ்சம் கணக்கில் எடுங்கள். பழமாக மட்டும் சாப்பிடுவதென்றால் நாலு மரம் போதும். காய், பிஞ்சு, இலை என்று பார்க்கும்போதுதான் பத்து வகை வைப்பதற்கு அர்த்தம் வருகிறது.

கொல்லையில் நார்த்தை ஒன்று கட்டாயம். நார்த்தங்காயை உப்பில் போட, 1 கிலோவுக்கு 200 முதல் 250 கிராம் கல்லுப்பைப் பொடித்து, மஞ்சள்தூள் 2 டீஸ்பூன் கலந்துகொள்ளுங்கள். காயைக் கழுவித் துடைத்து, அறுந்துபோகாமல் சுருளாகச் சீவி உள்ளே உப்பை அடைத்து ஜாடியில் வைக்க வேண்டும். நாலு நாள் தினமும் குலுக்கி, பிறகு பகலில் காயை மட்டும் வெயிலில், இரவில் திரும்ப அந்த உப்புநீரில். நீர் முழுக்க இழுத்துக் காய் காயும் வரை. பூசணம் பிடித்தால் உப்புக் குறைவு, இல்லையென்றால் கத்தியில் ஈரம். கார்த்திகை மார்கழியில் காய் வரும், வெயில் இருக்காது. அவசரப்பட்டுப் பாதி காய வைக்காதீர்கள், உப்புநீரில் முழுக முழுகவே தை வரை விட்டுவையுங்கள், ஒன்றும் ஆகாது.

இலைக்கு வேப்பிலைக்கட்டி. பேர்தான் அப்படி, வேப்பிலை அதில் கிடையாது. இளம் நார்த்தை இலை 2 கப், எலுமிச்சை இலை 1 கப், நடு நரம்பை உருவி எடுத்தது. கழுவி நிழலில் ஒரு மணி நேரம் உலர்த்தணும். வற்றல் மிளகாய் 8, ஓமம் ஒரு டீஸ்பூன், சுண்டைக்காய் அளவு பெருங்காயம், கொஞ்சம் புளி, உப்பு. முதலில் மிளகாய், உப்பு, பெருங்காயம், ஓமத்தைப் பொடித்து, பிறகு புளியும் இலையும் சேர்த்துத் தண்ணீர் விடாமல் இடித்து உருட்டவும். மிக்ஸியில் என்றால் விட்டு விட்டு ஓட்டுங்கள், தொடர்ந்து ஓட்டினால் சூடேறிக் கசக்கும். போர்டோ தெளித்த இலையைப் பறிக்காதீர்கள், ஒட்டுக்கன்று சார் இதைச் சொல்ல விட்டுவிட்டார்.

வேலிக்குக் கம்பிக்குப் பதில் களா போடுங்கள், மேட்டுப் பக்கமாக, 3 அடிக்கு ஒன்று. ஆடு மாடு நுழையாது. காய் நறுக்கினால் பால் வரும், உப்புத் தண்ணீரில் போட்டு அலசிவிட்டு ஊறுகாய் போடலாம். அருநெல்லி ஒன்று, இடம் அதிகம் கேட்காது. விளா ஒரு மரம் தெருவில் யாராவது வைத்திருப்பார்கள், நீங்கள் வைக்க வேண்டாம்; பழுத்ததா என்று பார்க்க ஒரு அடி உயரத்திலிருந்து தரையில் போடுங்கள், எகிறினால் காய், எகிறாமல் கிடந்தால் பழம். சப்போட்டாவை நகத்தால் கீறிப் பார்க்கணும், உள்ளே பச்சை தெரிந்தால் பறிக்காதீர்கள், மஞ்சள் தெரிந்தால் பறிக்கலாம்.

மாதக் கணக்கு போட்டுப் பாருங்கள். மாசி பங்குனியில் மாவடு, சித்திரை வைகாசியில் மா, ஆனி ஆடியில் நாவல், ஆவணியிலிருந்து சீத்தா, மார்கழி தையில் கொய்யா. இடைவெளி விழுவது ஐப்பசி கார்த்திகையில்தான். அதை வாழையும் பப்பாளியும்தான் நிரப்ப வேண்டும்.

---

ஒட்டுக்கன்று:

ஆமாம் அக்கா, தெளித்த இலையைப் பறிக்கக் கூடாது, சேர்த்துக்கொள்கிறேன்.

கொய்யா மார்கழி தையில் வேண்டுமென்றால் வைகாசி கடைசியில் கவாத்து. எல்லாக் கிளை நுனியிலும் ஒரு சாண் வெட்டுங்கள். புதுத் தளிரில்தான் பூ வரும். வெட்டாமல் விட்டால் மழைக்காலத்தில் பழுக்கும், சப்பென்று இருக்கும், பழ ஈ புழுவும் நிறைய. மெத்தில் யூஜினால் பொறியை ஐந்தடி உயரத்தில் கட்டுங்கள், மாவுக்கும் அதுவே. அதில் ஆண் ஈ மட்டும்தான் விழும். அதனால் கீழே விழுந்த பழத்தைத் தினமும் பொறுக்கிப் பாலிதீன் பையில் கட்டி ஒரு வாரம் வெயிலில் போடணும். எருக்குழியில் போட்டால் அங்கேயே ஈ வளரும். காய் எலுமிச்சை அளவு வந்ததும் காகித உறை போட்டால் இன்னும் நிச்சயம்.

சீத்தா பூத்துக் கொட்டுகிறது, காயில்லை என்று இங்கே நிறையப் பேர் கேட்டிருக்கிறார்கள். அதன் பூவில் பெண் பாகம் முதலில் தயாராகும், மகரந்தம் பிறகுதான் உதிரும். சாயங்காலம் நன்றாக விரிந்த பூவிலிருந்து மகரந்தத்தைக் காகிதத்தில் தட்டி வைத்து, மறுநாள் காலை பாதி விரிந்த பூவுக்குள் மெல்லிய தூரிகையால் தடவினால் காய் பிடிக்கும்.

---

மன்னார்குடி_கொல்லை:

எலுமிச்சையை வெயிலுக்கு இடம் மாற்றலாமா, புதுசு வைப்பதா? பப்பாளி எத்தனை கன்று?

---

வெண்ணாற்றங்கரை:

நாலு வருஷ மரத்தைப் பெயர்க்காதீர்கள், ஆணிவேர் அறுந்துவிடும். அதன் மேல் நிழல் விழும் தென்னை மட்டையில் கீழ் வரிசையைக் கழித்துப் பாருங்கள். மூன்று மணி நேரம் ஆறு ஆகாது என்றால் அதை இலைக்கென்று விட்டுவிட்டு, மாதுளை நின்ற இடத்தில் பெரியகுளம் 1 எலுமிச்சை புதிதாக வையுங்கள், மேட்டில்.

பப்பாளி மூன்று இடம் போதும். கோ 8 ரகம் என்றால் ஆண், பெண் மரம் தனித்தனி. இடத்துக்கு மூன்று கன்றாக நட்டு, பூ வந்ததும் பெண்ணை வைத்துக்கொண்டு மற்றதை வெட்டணும். ஆண் பூ நீளக் காம்பில் கொத்தாகத் தொங்கும், பெண் பூ தண்டை ஒட்டி ஒற்றையாக உட்காரும். மூன்று மரத்துக்கு நடுவில் ஒரு ஆண் மட்டும் இருக்கட்டும். இதெல்லாம் வேண்டாம் என்றால் கோ 7 வாங்குங்கள், ஒன்றிலேயே இரண்டும் உள்ள பூ வரும். மாசியில் நடுங்கள், தண்டைச் சுற்றி மண்ணை அணையுங்கள், தண்டோடு தண்ணீர் நிற்கக்கூடாது.